உள்புரண்ட சட்டைக்கை

மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் சந்தில் குடியிருப்போர், ஆங்கிலத்தில் அச்சிட்ட காகிதம் எதுவாயினும், அது கரண்ட் பில்லாயிருந்தாலும் ரேஷன் ஆபீஸ் நோட்டீசாயிருந்தாலும் ஆஸ்பத்திரிக் கேஸ் பேப்பராயிருந்தாலும், அதை எடுத்துக்கொண்டு என் வாசற்படிக்கு வந்து நிற்பது முப்பது வருஷத்து வழக்கம். அவ்வாறே சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் அந்தி நேரத்தில், தாராவிக் கிடங்குகளில் மூட்டை ஏற்றி இறக்கும் தொழில் பார்க்கும் இளைஞன் ஒருவன், நான்காய் மடித்த கேஸ் பேப்பரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, சந்தின் இருமுனையையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்ட பிறகே என்னிடம் நீட்டினான். "மாமா, சத்தமா வாசிச்சிராதீய" என்பதுதான் அவன் சொன்ன முதல் வார்த்தை.

காகிதத்தில் 'ரெக்டல் ப்ரொலாப்ஸ்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே, லேப்ராஸ்கோப்பி முறையில் ரெக்டோபெக்ஸி செய்யலாம் என்று ஒரு வரி. நாலு வருஷமாக மூலம் என்று நினைத்து, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பும், ஊரிலிருந்து தபாலில் வந்த லேகியமும், துத்திக் கீரையுமாகக் காலங்கழித்தவன் அவன்.

அவனைப் பார்த்தபோது எனக்கு வேறொருத்தி நினைவுக்கு வந்தாள். என் பாலிய பருவத்தில் அடுத்த அறையில் இருந்த கிழவி, கழிப்பிட வரிசையில் நிற்கும்போதெல்லாம் தகர டப்பாவோடு ஒரு மடித்த பழந்துணியையும் இடுப்பில் செருகிக்கொண்டு போவாள். அது எதற்கென்று சிறுவர்களாகிய நாங்கள் அறியோம். "அடி தள்ளுது மருமவளே, ஆருட்டயும் சொல்லிராத" என்று அவள் என் தாயாரிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒருநாள் கேட்டேன். 1947-இல் 50 படுக்கைகளோடு தொடங்கி, எங்கள் வட்டாரத்துக்கே தாய்வீடு போலாகிவிட்ட சயான் ஆஸ்பத்திரி, நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருந்தும், அவள் அந்தத் துணியோடே வாழ்ந்து அந்தத் துணியோடே போய்ச் சேர்ந்தாள்.

மூலம் வேறு, காகிதத்தில் எழுதியிருந்த இந்த நோய் வேறு. மூலத்தில் வீங்கி வெளிவருவது ஆசனவாயின் உட்பகுதியிலுள்ள இரத்தக்குழாய் மெத்தைகள். இதிலோ, மலக்குடலே தன் முழுச்சுவரோடும் புரண்டு வெளியே இறங்கிவிடுகிறது. அவசரத்தில் சட்டையைக் கழற்றும்போது கைப்பகுதி உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டு வருகிறதே, அதுவே இதற்குச் சரியான உவமானம். அநுபவமுள்ள வைத்தியர் ஒரே பார்வையில் இரண்டையும் பிரித்துச் சொல்லுவார்: நோயாளியைக் குந்தி முக்கச் சொல்லும்போது வெளிவரும் சதையின் மடிப்புகள் மையத்திலிருந்து பூவிதழ்போலப் பிரிந்திருந்தால் அது மூலம், குளத்தில் கல்லெறிந்தால் எழும் அலைபோல வட்டத்துக்குள் வட்டமாக அமைந்திருந்தால் அது மலக்குடல் இறக்கம். இந்த ஒரு பார்வைக்கு இடங்கொடாமையினாலும், படுக்கையில் சாய்ந்திருக்கும் நிலையில் ஒன்றும் வெளிவராமையினாலுமே, பலர் வருஷக்கணக்காக மூலத்துக்குரிய மருந்தையே தின்று தீர்க்கிறார்கள்.

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசிப் பகுதி. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளம். முதுகெலும்பின் அடியில் வளைந்து குழிந்திருக்கும் திருவெலும்பின் மடியில் அது படுத்திருக்கிறது. பின்புறம் கொழுப்பும் மெல்லிய சவ்வும் அதனை எலும்போடு ஒட்டிவைத்திருக்க, கீழே இடுப்புத்தளத்தின் தசைகள் ஓர் ஏணைபோலத் தாங்கி நிற்கின்றன. இந்தப் பிடிமானங்கள் தளர்ந்தால் குடல் இறங்கும் என்பது எவர்க்கும் விளங்கக்கூடியதே. ஆயினும் எப்படி இறங்குகிறது என்பதில் வைத்தியர்களுக்குள்ளேயே நெடுநாள் அபிப்பிராய பேதம் இருந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த மாஷ்கோவிட்ஸ் என்பார், இடுப்புத்தளத்தில் விழுந்த ஓட்டை வழியாகக் குடல் சரிந்து வருகிறது, ஆகவே இது ஹெர்னியா என்னும் ஒருவகைக் குடலிறக்கமே என்று 1912-இல் வாதித்தார். 1968-இல் ஸ்வீடன் தேசத்து ப்ரோடேன், ஸ்னெல்மன் என்ற இருவர், நோயாளிகள் முக்கும்போது எக்ஸ்ரே கொண்டு சலனப்படம் எடுத்துப் பார்த்தார்கள். அப்பொழுது, ஆசனவாய்க்குச் சில அங்குலம் மேலே குடல் தனக்குள்ளே தானே மடிந்து, அந்த மடிப்புத்தான் மெல்ல மெல்லக் கீழ்நோக்கி இறங்கிவருகிறது என்பது புலனாயிற்று. நோய் கண்ணில் படுவது வாசலில், பிறப்பதோ உள்ளறையில். ஆகையினாலேயே வாசலை மட்டும் இறுக்கிக் கட்டும் சிகிச்சைகள் நிலைக்கவில்லை.

மேலைநாட்டு நூல்கள் இதனை முதுமையடைந்த மாதரின் நோயாகவே வருணிக்கின்றன. ஐம்பது வயது கடந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஆறு மடங்கு அதிகம் என்பது அவர்கள் கணக்கு. நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலோ இருபதும் முப்பதும் வயதான ஆண்பிள்ளைகளும் இதற்காக வந்து நிற்கிறார்கள். நெடுங்கால மலச்சிக்கலும், மணிக்கணக்கில் முக்கும் வழக்கமும், பல பிரசவங்களால் தளர்ந்த இடுப்புத்தளமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இங்கே ஒரு விஷயம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மலம் கழிக்க உந்துதல் தோன்றிய வேளையில் அதனை அடக்கினால், குடல் அந்த மலத்திலிருந்து மேலும் மேலும் நீரை உறிஞ்சிக்கொள்ள, மலம் வறண்டு கல்லாகி, அடுத்த முறை இரட்டிப்பாய் முக்க வேண்டிவருகிறது என்பது சரீர சாஸ்திரத்தின் பாலபாடம். விடியுமுன் இருட்டில் ஒருமுறை, அதைத் தவறவிட்டால் இரவு இருட்டிய பிறகு ஒருமுறை என்று பொதுக் கழிப்பிடத்துக்குப் போய்வந்த எங்கள் கேம்புப் பெண்களுக்கு, உந்துதலை அடக்குவது வியாதியன்று, தினசரி அநுஷ்டானம். கிழவியின் நோய்க்கு அதுதான் காரணமென்று நான் சாதிக்க முடியாது. அவள் பெற்ற பிள்ளைகள் ஒன்பது.

குழந்தைகளுக்கும் இது வருவதுண்டு. ஊட்டமின்மையாலும் ஓயாத வயிற்றுப்போக்காலும் குடற்புழுவாலும் வரும் அந்த இறக்கம், மூலகாரணத்தைத் தீர்த்துப் பிள்ளைக்குச் சதைப்பிடிப்பு வந்தவுடன் பெரும்பாலும் தானே நின்றுவிடும். கத்தி அவசியப்படுவது அபூர்வம். தாய்மார் இதை அறிந்திருத்தல் நலம்.

பண்டை வைத்தியர் இதனை அறியாதவரல்லர். சுச்ருத சம்ஹிதை இதற்குக் குதபிரம்சம் என்று பெயரிட்டு, முக்குதலும் அதிசாரமும் காரணம் என்று சொல்லி, வெளிவந்த பகுதிக்கு நெய்ப்பூச்சும் ஒற்றடமும் கொடுத்து உள்ளே தள்ளியபின், நடுவில் துவாரமிட்ட தோலினால் கோவணம்போலக் கட்டுப் போடும்படி விதிக்கிறது. காற்றுப் பிரிய அந்தத் துவாரம். நோயாளியின் அன்றாடச் சங்கடத்தை இவ்வளவு கூர்மையாக உணர்ந்த ஒருவர் அந்நாளிலேயே இருந்தார் என்று எண்ணும்போது எனக்கு அவரிடம் தனி மரியாதை தோன்றுகிறது. இன்னொரு பழைய கைமுறையும் உண்டு. இதை இன்றைய அறுவைச் சிகிச்சைச் சஞ்சிகைகளிலேயே காணலாம். வெளிவந்த குடல் வீங்கிப்போய் உள்ளே போக மறுக்கும்போது, அதன்மேல் சமையலறைச் சர்க்கரையை அள்ளித் தூவிச் சற்றுநேரம் விடுவார்கள். உப்பிட்ட மாங்காய்த் துண்டுகள் ஊறுகாய்ச் சாடியில் நீர்விட்டுச் சுருங்குகின்றன அல்லவா? அதே நியாயம்: சர்க்கரை வீக்கத்தின் நீரை வெளியே இழுத்துக்கொள்ள, சதை சுருங்கி, விரலால் அழுத்தினால் உள்ளே போய்விடும். இது ஆபத்து வேளையில் டாக்டர் செய்யும் உபாயம். வீட்டில் செய்து பார்ப்பதற்கன்று. குடல் கறுத்துப்போயிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது.

ஐரோப்பிய ரணவைத்தியர்கள் முதலில் கைவைத்தது வாசலில்தான். 1891-இல் கார்ல் தீர்ஷ் என்ற ஜெர்மானியர், ஆசனவாயைச் சுற்றித் தோலுக்கடியில் வெள்ளிக் கம்பியொன்றை ஓடவிட்டு, நம் பாட்டிமார் சுருக்குப்பையின் கயிற்றை இழுப்பதுபோல் இழுத்து முடிந்தார். வெற்றிலைக்கும் சில்லறைக்கும் ஏற்ற உபாயம் சரீரத்துக்கு ஏற்கவில்லை. கம்பி அறுந்தது, சதையை அறுத்தது, அல்லது மலம் வெளியேற வழியில்லாமல் அடைத்தது. 1900-இல் பிரெஞ்சுப் படையின் ரணவைத்தியரான டெலோர்ம், வெளிவந்த குடலின் உட்சவ்வை மட்டும் உரித்தெடுத்து, தசையைக் கொசுவம்போல் மடித்துத் தைக்கும் முறையைக் கண்டார். ஆல்ட்மையர் என்ற அமெரிக்கரின் பெயரால் வழங்கும் முறையில், வெளிவந்த குடற்பகுதியையே கீழ்வழியாக வெட்டி எடுத்து மீதியை இணைத்துவிடுகிறார்கள். இவ்விரண்டும் இன்றளவும் வழக்கில் உள்ளன. முதுகில் ஊசிபோட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தாலே போதுமாகையால், தளர்ந்த சரீரமுடைய முதியோர்க்கு உகந்தவை.

உள்ளறையில் பிறக்கும் நோயை உள்ளறையில் சென்று தீர்ப்பது இன்னொரு மார்க்கம். வயிற்றைத் தொப்புளுக்குக் கீழே நெடுகக் கிழித்து, மலக்குடலை அதன் பின்புறத்திலிருந்தும் பக்கங்களிலிருந்தும் விடுவித்து, மேலே தூக்கித் திருவெலும்போடு பிணைப்பது: இதுவே ரெக்டோபெக்ஸி. 1950-களில் ரிப்ஸ்டைன் ஒரு பட்டையால் கட்டினார். வெல்ஸ் 1959-இல் ஐவலான் என்ற செயற்கைக் கடற்பஞ்சை இடையில் வைத்தார். குடல் மேலே நின்றது. ஆனால் ஒரு விசித்திரம்: இறங்காமல் நின்ற குடல் இயங்கவும் மறுத்தது. சிகிச்சைக்குமுன் மலச்சிக்கல் இல்லாதவர்க்கும் பின்னர் அது வந்து சேர்ந்தது. மலக்குடலுக்கு உணர்ச்சியும் ஏவலும் கொண்டுவரும் நரம்பிழைகள் பின்புறமும் பக்கங்களிலும் வருகின்றன. குடலை விடுவிக்கிறோம் என்று சொல்லிச் சுற்றிலும் அறுத்தபோது அந்தக் கம்பிகளையும் சேர்த்தே அறுத்துவிட்டார்கள். ஆண்களுக்கோ அப்பிரதேசத்தில் ஓடும் நரம்பு பழுதுபட்டால் தாம்பத்தியத்துக்கே பங்கம். இறுகப் பிடிக்க வேண்டுமானால் அதிகம் அறுக்க வேண்டும். அதிகம் அறுத்தால் குடல் செயலிழக்கும். இந்தச் சிக்கலில் அரை நூற்றாண்டு கழிந்தது.

லேப்ராஸ்கோப்பி எனப்படும், சிறு துவாரத்தின் வழியே வயிற்றுக்குள் பார்க்கும் வித்தை இதனிடையே தனியே வளர்ந்துகொண்டிருந்தது. 1910-இல் ஸ்டாக்ஹோமில் யாக்கோபேயஸ் மனித வயிற்றுக்குள் முதன்முதலாகக் குழாய்க்கண்ணாடி செலுத்திப் பார்த்தார். நம் நாட்டுக் கதை நம் ஊரிலேயே நிகழ்ந்தது என்பது பம்பாய்க்காரர்கள் பலரும் மறந்துவிட்ட செய்தி. சயான் ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கலில் ஏறினால் ஆறாவதாக வரும் பைக்குலாவில், 1845-இல் நிறுவப்பெற்ற ஜே.ஜே. ஆஸ்பத்திரியில், டாக்டர் தெஹம்டன் உத்வாடியா 1972-இலேயே லேப்ராஸ்கோப்பைக் கொண்டு வயிற்று நோய்களை நேரில் கண்டு நிர்ணயிக்கத் தொடங்கினார். 1990-இல் அதே இடத்தில் பித்தப்பையைத் துவாரங்களின் வழியே எடுத்துக் காட்டினார். வளரும் நாடுகளில் அதுவே முதலாவது. 2023-இல் மறைந்த அவர், எங்களைப் போன்ற ஜனங்கள் வந்து படுக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இதைத் தொடங்கினாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏனெனில் சிறு காயத்தின் அருமை, வயிற்றில் நீளத் தழும்பு விழுமே என்று கவலைப்படும் சீமாட்டியைவிட, ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் கூலி போய்விடும் மூட்டைக்காரனுக்கே அதிகம்.

இனி லேப்ராஸ்கோப்பி முறையில் ரெக்டோபெக்ஸி நடக்கும் விதம். முழு மயக்கத்தில் ஆழ்ந்த நோயாளியின் வயிற்றுக்குள், தொப்புளருகே செய்த சிறு துவாரத்தின் வழியாகக் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். அது எரியாத வாயு. இரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும் வாயு. ஆதலால் மின்சூட்டினால் அறுக்கும் இடத்தில் அதனினும் தகுந்தது வேறில்லை. அழுத்தம் பாதரச அளவில் 12 முதல் 15 மில்லிமீட்டர். அதாவது நம் இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணில் ஏறக்குறைய பத்திலொரு பங்கு. வயிற்றுச்சுவர் கூடாரம்போல் எழும்புகிறது. மேஜையைத் தலைப்பக்கம் தாழ்த்திச் சாய்த்தவுடன், சிறுகுடல் முழுதும் தானே மார்புப் பக்கமாகச் சரிந்து விலக, இடுப்புக்கூட்டின் ஆழம் வெறுமையாகித் தெரிகிறது. தொப்புள் வழியே காமிரா. மற்றும் 5 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் குழல்கள் இரண்டு மூன்று. அவற்றின் வழியே நீண்ட கைப்பிடியுடைய கத்தரியும் இடுக்கியும். திறந்த வயிற்றில் எட்டி எட்டிப் பார்த்தும் நிழல் விழும் அந்தக் குறுகிய குழியை, காமிரா பக்கத்திலேயே போய் நின்று பன்மடங்கு பெருக்கித் திரையில் காட்டுகிறது. இந்த முறையின் உண்மையான லாபம் தோலில் காயம் சிறுத்தது மட்டுமன்று. பட்டுநூல்போன்ற நரம்பு கண்ணுக்குத் தெரிந்து, அதனை விட்டு விலகிச் செல்ல முடிந்ததே அதனினும் பெரிது.

பெல்ஜியத்தின் லூவன் நகரத்து டி ஹோர் என்பவர் 2004-இல் வெளியிட்ட முறை இந்த நுட்பத்தின் மீது எழுந்ததே. பின்புறம் தொடாதே என்பதுதான் அவர் கொள்கை. திருவெலும்பின் மேல்விளிம்பில் தொடங்கி, மலக்குடலின் வலப்புறமாகச் சவ்வை மட்டும் கீறிக்கொண்டு போய், குடலின் முன்புறத்தில், பெண்களாயின் யோனிக்கும் குடலுக்கும் இடையேயுள்ள மெல்லிய சந்தில், இடுப்புத்தளம் வரை இறங்குகிறார்கள். இரண்டு விரல் அகலமுள்ள நீண்ட வலைப்பட்டையொன்றை அங்கே குடலின் முன்சுவரோடு தைத்து, மறுமுனையை மேலே எலும்பின் விளிம்பில் பொருத்துகிறார்கள். இழுத்துக் கட்டுவதில்லை, சரியாமல் தாங்கினால் போதும். பிறகு அறுத்த சவ்வை வலையின்மேல் போர்த்தித் தைத்துவிடுகிறார்கள். வலை வெளித்தெரிந்தால் சிறுகுடல் போய் ஒட்டிக்கொள்ளும். பின்புறத்து நரம்புகள் அனைத்தும் இருந்தபடியே இருக்கின்றன. அவர் சிகிச்சை செய்த 42 பேரைப் பல வருஷம் கவனித்ததில் இருவருக்கே மீண்டும் இறங்கிற்று. மலச்சிக்கலால் வருந்தியவர்களில் பெரும்பாலார்க்கு அதுவும் தணிந்தது.

துவாரம் சிறிது என்பதனால் உள்ளே நடப்பதும் சிறிது என்று எண்ணிவிடலாகாது. வலைப்பட்டை நாளடைவில் அருகிலுள்ள சதையை அரிப்பதுண்டு. 2,203 பேரை ஆராய்ந்த ஒரு பெரிய கணக்கில் அவ்வாறு நேர்ந்தது நூற்றுக்கு இருவருக்கு. இங்கிலாந்திலிருந்து 2013-இல் வெளிவந்த, 293 நோயாளிகளை உட்படுத்திய ப்ராஸ்பர் என்ற பரீட்சை, வயிற்று வழியா கீழ்வழியா, டெலோர்மா ஆல்ட்மையரா என்று பொருதவிட்டுப் பார்த்ததில், எதுவும் மற்றொன்றைத் திட்டமாக வென்றதென்று சொல்ல முடியவில்லை. எல்லா முறையிலும் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்கு நோய் திரும்பியது. எல்லா முறையிலும் நோயாளிகளின் வாழ்க்கை முன்னிலும் சுகப்பட்டது. ஆகவே நோயாளியின் வயதையும் வலுவையும் பார்த்து, தகுந்த முறையைக் கையாளும் கைதேர்ந்த வைத்தியரே வேண்டும். இயந்திரத்தின் பெயரைக் கேட்டு மயங்க வேண்டியதில்லை.

எங்கள் சந்து இளைஞனுக்கு வலை வைக்கவில்லை. நூலினாலேயே தைத்து நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அவன் என்னிடம், "அந்த நூலு அறுந்துட்டா என்ன மாமா செய்ய?" என்று கேட்டான். மூட்டை கட்டுகிறவன் கேட்க வேண்டிய கேள்விதான். நூல் தாங்குவது கொஞ்ச நாளைக்கே. அறுத்த இடத்தில் சரீரம் தானே தழும்பு வளர்த்து, குடலை எலும்போடு ஒட்டிவிடுகிறது. வேறு வயிற்று அறுவைகளில் எந்த ஒட்டுதலுக்கு வைத்தியர் அஞ்சுகிறாரோ, அதே ஒட்டுதலை இங்கே வேலைக்கு வைத்துக்கொள்கிறார். ஆனால் தழும்பு முற்றச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை பாரம் தூக்கினால், முக்கினால், எல்லாம் வீண்.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்தான். வயிற்றில் நான்கு சிறு பிளாஸ்திரிகள். அவை வலிக்கவில்லை, வலது தோள்பட்டைதான் வலிக்கிறது என்று ஆச்சரியப்பட்டான். மிச்சமிருந்த வாயு உதரவிதானத்தை உறுத்த, அதற்கு வரும் நரம்பும் தோளுக்கு வரும் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதால், வலி எங்கே பிறந்தது என்று மூளை ஏமாந்துபோகிறது. இரண்டொரு நாளில் தீர்ந்துவிடும் என்று சொன்னேன். டிஸ்சார்ஜ் கார்டை இம்முறை கொண்டுவந்தவள் அவன் தாய். வாசற்படியில் அவளோடு பக்கத்து வீட்டுக்காரிகள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நார்ச்சத்துள்ள உணவு, தண்ணீர் நிறைய, மலமிளக்கி இரவில் ஒருவேளை, ஆறு வாரத்துக்குக் கனமான பொருள் எதையும் தூக்கலாகாது என்று நான் வாசித்துக்கொண்டே வருகையில், குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சந்தின் கோடியிலிருந்து யாரோ கூவ, உள்ளேயிருந்து அந்தப் பையன் இருபது லிட்டர் கேனைக் கையிலெடுத்துக்கொண்டு எழுந்து வந்தான். அவள் அவன் வழியை மறித்து நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அந்தக் கடைசி வரிய மட்டும் இன்னொருக்கா வாசிங்க. நல்லாச் சத்தமா."